சொந்த வீடு: அடி விழுந்தால் தனியாக நிற்காதீர்கள்!

(கோவை மாவட்டத்தில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டம் ஒன்றில், மனை வாங்கிச் சிக்கி மீண்ட தொழிலாளர்கள் சார்பில் நிகழ்த்திய பேச்சு)



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்களுக்காவது கட்டுவதற்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. நம்மைப் போன்றவர்களுக்கோ அந்த நிலத்தை வாங்குவதற்குள்ளாகவே பழமொழி பலித்துவிடுகிறது.

நாங்கள் பதினோரு பேர். ஒரே மில்லில் கார்டிங்கிலும் ஸ்பின்னிங்கிலும் ரீலிங்கிலும் வேலை பார்த்தவர்கள். லைன் வீட்டிலே குடியிருந்தவர்கள். எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு குழாய், ஒரு கக்கூஸ். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவன் பகலில் தூங்கப் படுத்தால், பக்கத்து வீட்டு அம்மி சத்தம் தலைமாட்டிலே கேட்கும். மழை பெய்தால் வாடகைக்காரன் பாத்திரம் வைப்பான். வீட்டுக்காரர் வாடகையை உயர்த்துவார். இப்படிப்பட்ட இடத்திலிருந்து, சாவதற்குள் நமக்கென்று ஒரு கூரை வேண்டும் என்று புறப்பட்டவர்கள் நாங்கள்.

நாங்கள் வக்கீல்கள் அல்ல. அதிகாரிகளும் அல்ல. சூடுபட்டவர்கள். எங்களுக்கு விழுந்த அடி எப்படிப்பட்டது, அதற்கு நாங்கள் என்ன செய்தோம், என்ன செய்யாமல் கோட்டைவிட்டோம் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறோம். எங்கள் நஷ்டம் உங்களுக்குப் பாடமாகட்டும்.

எப்படிச் சிக்கினோம்?

2014-ம் வருஷம் பிப்ரவரி மாதம். சம்பள நாள். மில் வாசலிலே வண்ண நோட்டீஸ் கொடுத்தார்கள். 3 சென்ட் மனை 3 லட்சம் ரூபாய். முன்பணம் 60,000. மீதி 2,40,000 ரூபாயை மாதம் 8,000 வீதம் 30 மாதத்தில் கட்டலாம். கட்டி முடித்தவுடன் பத்திரம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. பெண்டு பிள்ளைகளோடு அழைத்துப் போனார்கள். சாப்பாடு போட்டார்கள். சுண்ணாம்புக் கோடும் நம்பர் போட்ட கல்லும் காட்டினார்கள். "இதுதானுங்க உங்க மனை" என்று சொன்னதும் எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலங்கிய கண்ணோடுதான் கையெழுத்துப் போட்டோம்.

நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்த லே-அவுட்டுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி உண்டா? நாங்கள் கேட்கவில்லை. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்று அவர்களாகவே சொன்னார்கள். பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரை மட்டும் லே-அவுட்டுக்கு அனுமதி ஆகிவிடாது என்பது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

எங்களில் நாலு பேர் நகையை விற்றும் சீட்டு எடுத்தும் முன்கூட்டியே பணத்தைக் கட்டிப் பத்திரம் வாங்கிவிட்டார்கள். மற்ற ஏழு பேரும் மாதா மாதம் கட்டினோம். கடைசித் தவணை 2016 ஆகஸ்டில் முடிந்தது. செப்டம்பரில் பத்திரம்.

செப்டம்பர் 9-ம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அனுமதி பெறாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக்கூடாது என்பது உத்தரவு. விளைநிலத்தையும் வாய்க்காலையும் கண்டபடி மனையாக்கி விற்பதைத் தடுக்க வேண்டும் என்ற அதன் நோக்கம் நியாயமானது. ஆனால் அநியாயம் எங்கே நடந்தது? விற்றவர் கையிலே பணம் முழுசாக இருந்தது. வாங்கிய எங்கள் கையிலே ரசீது மட்டும் இருந்தது. உத்தரவு வந்த இரண்டாவது மாதம், நவம்பர் 8-ம் தேதி, 500 ரூபாய் நோட்டும் 1,000 ரூபாய் நோட்டும் செல்லாது என்று அறிவித்தார்கள். அதன்பின் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனவர்களுக்கு, "எங்களுக்கே கஷ்டம்" என்ற பதில்தான் கிடைத்தது.

வெட்கம் என்னும் எதிரி

இந்த இடத்தில்தான் நாங்கள் பெரிய தவறு செய்தோம். ஏமாந்தது வெட்கமாக இருந்தது. பதினோரு பேரும் பதினோரு மூலையில் உட்கார்ந்துகொண்டோம். ஒரே ஷிப்டில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் நின்றுகொண்டே ஒருவரிடம் ஒருவர் பேசவில்லை. வீட்டிலே பெண்களிடமும் சொல்லவில்லை.

ஸ்பின்னிங் தோழர் ஒருவர் தனியாகப் போய் மனைக்காரரைப் பார்த்தார். "இன்னும் 75,000 கொடுத்தால் அனுமதி பெற்ற வேறு இடத்தில் மனை மாற்றித் தருகிறோம்" என்றார்கள். அவர் யாரையும் கேட்கவில்லை. பத்து வட்டிக்கு வாங்கிக் கொடுத்தார். பத்து வட்டி என்றால் என்ன? 75,000 ரூபாய்க்கு மாதம் 7,500 ரூபாய். பத்து மாதத்தில் வட்டியே இன்னொரு 75,000! அசல் அப்படியே நிற்கும். மாற்றித் தருவதாகச் சொன்ன மனையோ வரவே இல்லை. கடைசியில் முதல் ரசீதையும் பாதி விலைக்கு விற்றுவிட்டு, கடன்காரனுக்குப் பயந்து குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். இந்த மேடையிலே எங்களோடு நிற்க வேண்டிய தோழர் அவர். இன்றைக்கு அவர் இங்கே இல்லை.

முதல் அடி மனைக்காரர் கொடுத்தது. அதை எங்களால் தடுக்க முடியாமல் போயிருக்கலாம். இரண்டாவது அடி, வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டதால் நாங்களே வாங்கிக்கொண்டது. அதைத் தடுத்திருக்க முடியும்.

மஞ்சள் பையிலிருந்த ரசீதுகள்

வழி காட்டியது யார் தெரியுமா? ரீலிங்கில் வேலை பார்த்த ஒரு சகோதரி. புருஷன் மறைத்து வைத்த ரசீதுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு சங்க அறைக்கு வந்தார். எங்களைப் பார்த்துச் சொன்னார்: "உங்க ரசீதையும் எடுத்துட்டு வாங்கண்ணா. ஒண்ணா வெச்சுப் பார்த்தாத்தானுங்களே, ஒரே மனையை எத்தனை பேருத்துக்கு வித்திருக்காங்கன்னு தெரியும்?"

அன்றிரவு பாயை விரித்து எல்லா ரசீதுகளையும் வரிசையாக வைத்தோம். அந்த அம்மா சொன்னது வாஸ்தவம். இரண்டு பேருடைய ரசீதில் ஒரே மனை நம்பர் இருந்தது. பல ரசீதுகளில் கம்பெனி பெயர் இல்லை; ஏஜெண்டின் சொந்தக் கையெழுத்து மட்டும் இருந்தது. தனித்தனியாகப் பார்த்தவரை இது ஒருவருக்கும் தெரியவில்லை. சேர்த்து வைத்தவுடன் ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

மறுநாளே வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஒருவர் வில்லங்கச் சான்று எடுத்தார். ஒருவர் தாலுகா ஆபீசில் பட்டாவும் புல வரைபடமும் வாங்கினார். வரைபடத்தை வைத்துக்கொண்டு நிலத்தில் நடந்து பார்த்தோம். ஒரு தோழருடைய மனையில் பாதிக்கு மேல் வாய்க்கால் புறம்போக்கு! ஏழு பேரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, மனைக்காரருக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினோம். பத்திரம் வாங்கியிருந்த நாலு பேரும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. பத்திரம் இருந்தும் வீடு கட்ட அனுமதி கிடைக்கவில்லை. வங்கியும் கடன் தரவில்லை.

2017 மே மாதம் அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த சர்க்கார் விதிகள் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-ம் தேதிக்குள் ஒரு மனையாவது பதிவாகி விற்கப்பட்ட லே-அவுட்டுக்கு அதில் இடமிருந்தது. எங்கள் நாலு தோழர்களின் பத்திரங்கள் இப்போது எல்லோருக்கும் துணையாக வந்தன. "கட்டணம் முழுவதையும் நீங்களே கட்டுங்கள்" என்றார் மனைக்காரர். தனியாகப் போயிருந்தால் கட்டியிருப்போம். கூட்டமாகப் போனோம், புகார் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு பேசினோம். பாதை, பொது இடம் சம்பந்தப்பட்ட செலவு அவருடையது, எங்கள் மனைக்குரிய கட்டணம் எங்களுடையது, ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது என்று முடிவாயிற்று.

2018-ல் ஐந்து பேருக்குப் பத்திரமாயிற்று. ஒரே நம்பரில் சிக்கிய இருவரில் ஒருவருக்கு வேறு காலி மனை கிடைத்தது. வாய்க்காலில் மாட்டியவருக்கு 3 லட்சத்தில் 2 லட்சம் தவணையாகத் திரும்பி வந்தது. ஒருவர் ஊரைவிட்டே போனார். இதுதான் எங்கள் கணக்கு. முழு வெற்றி என்று மார்தட்ட மாட்டோம். கூடியிராவிட்டால் பதினோரு பேரும் போயிருப்போம் என்று மட்டும் சொல்கிறோம்.

பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

இனி, பொதுவாகக் கவனிக்க வேண்டிய விஷயங்களைச் சொல்கிறோம்.

பட்டா யார் பெயரில் இருக்கிறது, வில்லங்கம் என்ன என்பதை இப்போது சர்க்காரின் இணையதளங்களில் காசில்லாமலே பார்க்கலாம். கைபேசி தெரிந்த பிள்ளைகள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். முப்பது வருஷத்து வில்லங்கம் பாருங்கள். ஆனால் வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். பதிவான சங்கதிகள் மட்டுமே அதில் வரும். வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதிவாகாத அடமானம், கோர்ட்டில் நடக்கும் வழக்கு, எல்லாம் அதில் வந்தே தீரும் என்று சொல்ல முடியாது. ஆகவே தாய்ப்பத்திரத்தின் அசலைக் காட்டச் சொல்லுங்கள். "அசல் தொலைந்துவிட்டது" என்றால் அங்கேயே நின்றுகொள்ளுங்கள். அது எந்த வங்கியின் பெட்டியில் இருக்கிறதோ!

பவர் வாங்கியவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்று விசாரியுங்கள். பவர் பத்திரம் மட்டும் கையில் இருந்தால் சொத்து உங்களுடையதாகிவிடாது. பதிவான கிரயப் பத்திரம் வேண்டும் என்று 2011-ல் உச்சநீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

முன்பணம் கொடுத்தால் ஒப்பந்தம் எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பத்திரம் நடக்காமல் போனால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். விற்பவர் இழுத்தடித்தால், வழக்குப் போடச் சட்டம் தரும் கால அளவு மூன்று வருஷம். "இன்று நாளை" என்று அவர் சொல்லச் சொல்ல நாம் சும்மா இருந்தால் கெடு கழிந்துவிடும்.

பெரிய லே-அவுட், அடுக்குமாடி என்றால் 2016-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேலோ செய்கிறவர், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. பதிவான ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. சொன்ன தேதியில் ஒப்படைக்காவிட்டால், விலகிக்கொள்கிறவருக்கு வட்டியோடு பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நோட்டீசைக் கையில் வாங்கியதும் முதலில் அந்தப் பதிவு எண்ணைத் தேடுங்கள். எண் இல்லையா? வேனில் ஏறாதீர்கள்!

விலைக்கு மேலே வரும் செலவு

மனை விலையைத் தேற்றிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நினைக்கிறோம். அதற்கு மேலேதான் பல பேருக்கு மூச்சுத் திணறுகிறது. நாங்கள் 2018-ல் பதிவு செய்தபோது முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம் கட்டினோம். 2023-ல் பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆனால் அதே சமயத்தில் வழிகாட்டி மதிப்பையும் உயர்த்தினார்கள். 9 சதவீதம் என்று வைத்தாலும் 10 லட்சம் ரூபாய்ச் சொத்துக்கு 90,000 ரூபாய் ரொக்கமாக வேண்டும். 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு சதவீதம் சலுகை உண்டு. அதன்படி 10,000 ரூபாய் மிச்சம். மிச்சம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாழ்நாளெல்லாம் உழைத்த பெண்ணின் பெயரில் வீடு இருப்பது நியாயமும்கூட.

"பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடலாம், செலவு மிச்சம்" என்று தரகர் சொல்வார். கேட்காதீர்கள். நாளைக்கு விற்றவர் மேல் வழக்குப் போட்டால், பத்திரத்தில் எழுதிய தொகையைத்தான் காட்ட முடியும். மீதிப் பணத்துக்குச் சாட்சி தரகரின் வாய்தான்!

சகோதரியின் கையெழுத்து

எங்கள் மில் தோழர் இன்னொருவர் 2019-ல் பழைய வீடு ஒன்று பேசினார். மூன்று அண்ணன் தம்பிகள் விற்றார்கள். முன்பணம் கொடுத்த பிறகு, அவர்களுடைய தங்கை வந்து நின்றார். "என் பங்கு எங்கே?" என்று கேட்டார். நம் தோழருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த அம்மாளையே ஏசினார்.

கோபம் யார் மேல் வர வேண்டும்? பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது. 2005-ல் இந்தியா முழுமைக்கும் வந்தது. அந்தத் தங்கை கேட்டது பிச்சை அல்ல, உரிமை. அதை மறைத்து விற்க வந்த அண்ணன் தம்பிகளே குற்றவாளிகள். நாங்கள் போய்ப் பேசினோம். அவர் பங்குப் பணத்தை அவர் கையிலேயே கொடுத்து, அவரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். நம் தோழருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. இரண்டு மாதம் தாமதம், அவ்வளவுதான். வாரிசுச் சான்றில் உள்ள பெயர்களை எண்ணுங்கள். பத்திரத்தில் உள்ள கையெழுத்துகளை எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கிராமத்துத் தோழர்களுக்கு

நம்மில் பாதிப் பேர் ஊரில் கூலிக்கு நாற்று நட்டுவிட்டு மில்லுக்கு வந்தவர்கள். கீழத்தஞ்சையிலிருந்து வந்த தோழர் ஒருவர் எங்களிடம் சொன்ன சங்கதி இது. அவருடைய தாத்தா காலம் முதல் பண்ணையார் மனையில் குடிசை. பண்ணையாரின் பேரன் வந்து, "இடத்தை விற்கிறேன், வாங்கிக்கொள், இல்லாவிட்டால் காலி செய்" என்றாராம். தோழர் கடன் வாங்கத் தயாராகிவிட்டார்.

பொறுங்கள் என்று நாங்கள் தடுத்தோம். பண்ணை நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளியை வெளியேற்றாமல் காக்க 1961-ல் ஒரு சட்டம். குடியிருந்த அந்த மனையையே அவனுக்குச் சொந்தமாக்க 1971-ல் குடியிருப்பு உரிமைச் சட்டம். அப்படியானால், தாத்தாவுக்கு உரிமையாகியிருக்கக்கூடிய மனையைப் பேரனுக்கு விலைக்கு விற்க வருகிறார்கள்! முதலில் தாலுகா ஆபீசில் தஸ்தாவேஜைப் பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டுக் கேளுங்கள். நம்முடையதை நாமே காசு கொடுத்து வாங்கக் கூடாது.

பஞ்சமி நிலம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1892-ம் வருஷத்தை ஒட்டித் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று நிபந்தனையோடு கொடுத்த நிலம் அது. பத்து வருஷம் விற்கவே கூடாது. பிறகு விற்றாலும் அந்த மக்களுக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்படிப்பட்ட நிலம் பல கைமாறி, மனையாகி, "சலுகை விலை" என்று நம்மிடம் வருகிறது. வாங்கினால் இன்னொரு ஏழையின் நிலத்தில் உட்கார்ந்தவர்களாவோம். கோர்ட்டும் நம்மைக் காப்பாற்றாது. கோயில் நிலம், பூமிதான நிலம், புறம்போக்கு, இவையும் அப்படியே. விலை குறைவாக இருந்தால், ஏன் குறைவு என்று கேளுங்கள்.

கூலி நின்றால்?

வீடு கட்டிக் குடி வந்துவிட்டாலும் சோதனை முடிவதில்லை. நாங்கள் 2019-ல் வங்கிக் கடன் வாங்கிக் கட்டினோம். 2020 மார்ச் 25-ல் நாடெங்கும் ஊரடங்கு. மில் சங்கு நின்றது. ஆகஸ்டு வரை தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. தள்ளிவைப்பு என்றால் தள்ளுபடி என்று எங்களில் சிலர் நினைத்துவிட்டார்கள். வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. அந்தக் காலத்து வட்டிக்கு மேல் வட்டி போடக்கூடாது என்று 2021 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சொன்னது. அது மட்டும்தான் கிடைத்த நிம்மதி.

அடுத்து வந்தது வட்டி உயர்வு. ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 2022 மே ஆரம்பத்தில் 4 சதவீதமாக இருந்தது. 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதமாக ஏறிவிட்டது. மாறும் வட்டிக் கடன் எல்லாம் அதோடு ஏறியது. கணக்கைக் கேளுங்கள். 5 லட்சம் ரூபாய், 20 வருஷம், 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 4,340 ரூபாய். மொத்தம் சுமார் 10 லட்சத்து 41 ஆயிரம் கட்டுகிறோம், ஒன்றுக்கு இரண்டு! வட்டி ஆரம்பத்திலேயே 9.5 ஆகி, தவணையை உயர்த்தாமல் விட்டால், 20 வருஷக் கடன் ஏறத்தாழ 25 வருஷம் 9 மாதமாக நீளும். மாதம் சுமார் 320 ரூபாய் கூட்டிக் கட்டினால் அதே 20 வருஷத்தில் முடியும். வட்டி ஏறியதும் வங்கி சத்தமில்லாமல் வருஷத்தை நீட்டிவிடும். நமக்குத் தவணை மாறவில்லையே என்று சந்தோஷம்! ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை கடன் கணக்கை எழுத்தில் வாங்கிப் பாருங்கள். வட்டியை மாற்றும்போது கடனாளிக்குத் தெரிவித்து, தவணையைக் கூட்டுவதா வருஷத்தை நீட்டுவதா என்று கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே உத்தரவு போட்டிருக்கிறது.

தவணை கட்ட முடியாமல் போனால் ஒளியாதீர்கள். முதல் தவணை தவறும் முன்பே வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக் கடன் என்று எழுதுவார்கள். பிறகு 2002-ம் வருஷத்துச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். நோட்டீசை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புவது நம்மவர்களின் வழக்கம். அது வீட்டைக் காப்பாற்றாது. வாங்கிப் பதில் எழுதுங்கள். நம் ஆட்சேபணைக்கு 15 நாளுக்குள் பதில் சொல்ல வங்கி கடமைப்பட்டிருக்கிறது. வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கோவையிலேயே தீர்ப்பாயம் இருக்கிறது. ஏல அறிவிப்பு வெளியாகும் முன் பாக்கியைச் செலவோடு கட்டினால் வீடு மிஞ்சும். ஒவ்வொரு படிக்கும் நாள் கணக்கு உண்டு. நாளை எண்ணுகிறவனுக்கே சட்டம் துணை.

இந்தச் சமயத்தில் பத்து வட்டிக்காரனிடம் போகாதீர்கள். பி.எப். பணத்தையும் கிராஜுவிட்டியையும் கடனுக்காக ஜப்தி செய்யச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அவை உங்கள் கடைசி அரண். எவனோ மிரட்டுகிறான் என்று அதை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

கடன் தீர்ந்த நாளிலும் விழிப்பாக இருங்கள். 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். தங்கள் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி உத்தரவு இது.

தனியாகப் போகாதீர்கள்

சில தோழர்கள் கேட்கலாம்: "மனைப் பட்டாவுக்காகப் போராட வேண்டிய நாம், கடன் வாங்கி வீடு வாங்குவதைப் பற்றிப் பேசலாமா?" பேச வேண்டும். நிலமில்லாத ஒவ்வொருவருக்கும் மனை கொடு என்று சர்க்காரைக் கேட்பதை நாம் விடவில்லை. அது கிடைக்கும்வரை நம் தோழன் தலைக்கு மேல் கூரை தேடுகிறான். அவன் சேமித்த காசு, பத்து இருபது வருஷத்து நைட் ஷிப்ட். அதைத் தரகரிடம் தனியாக அனுப்பிவிட்டு நாம் சும்மா இருக்கலாமா?

வக்கீலுக்குப் பணமில்லையே என்று கவலை வேண்டாம். 1987-ம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி மக்களுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்டக் கோர்ட்டிலேயே அந்த ஆபீஸ் இருக்கிறது. நாங்கள் போயிருக்கிறோம். நாலு பேராகப் போனால் நாற்காலி போட்டுக் கேட்கிறார்கள்.

எங்கள் மில் சங்க அறையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மாதத்தில் முதல் ஞாயிறு காலை, மனையோ வீடோ பேசியிருக்கிற தோழர் காகிதங்களோடு வருவார். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வருவார். ஏற்கெனவே அடிபட்ட நாங்கள் உட்கார்ந்து பார்ப்போம். எங்களுக்குத் தெரியாததை வக்கீலிடம் கொண்டுபோவோம். வீட்டுப் பெண்களையும் கட்டாயம் அழைத்து வரச் சொல்கிறோம். ரசீதுகளை முதலில் விரித்து வைத்தது ஒரு பெண்தான் என்பதை நாங்கள் மறக்கவில்லை. இதுவரை பல பேரை, "இந்த இடம் வேண்டாம்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறோம். அன்றைக்கு அவர்கள் முகம் வாடித்தான் போயிற்று. ஆனால் பணம் கையிலேயே இருந்தது.

உங்கள் மில்லிலும் உங்கள் கிராமத்திலும் இதையே ஏற்பாடு செய்யுங்கள். ஒரு பாய், ஒரு விளக்கு, நாலு தோழர்கள் போதும்.

ஊரைவிட்டுப் போன எங்கள் தோழரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். அவர் கட்டிய தவணைகளின் நகல் ரசீதுகள் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால் சொல்லுங்கள்: வெட்கப்பட ஒன்றுமில்லை, திரும்பி வரச் சொல்லுங்கள், அடுத்த முதல் ஞாயிறு நாங்கள் எல்லோரும் அங்கே இருப்போம்.